பாதி வழி தெரிந்தவர்

எங்கள் மயக்க டாக்டர் யாரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லமாட்டார். வீட்டுக்கு வழி கேட்பார்.

ஆபரேஷன் டேபிளில் படுத்திருப்பவருக்குத் தலைக்கு மேல் பெரிய விளக்கு, சுற்றிலும் பச்சைத் துணி, முகமூடி போட்ட ஆட்கள். எப்பேர்ப்பட்ட வீரனும் அந்த நேரத்தில் பயப்படுவான். இவர் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பதுபோல ஆரம்பிப்பார்.

“நான் ஆர்ச் கேட்ல இறங்கிட்டேன். உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?”

நெய்வேலிக்காரர்களிடம் இதைக் கேட்டுவிட்டால் போதும், பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வழி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி கட்டிய டவுன்ஷிப், அதன் நுழைவாசல்தான் ஆர்ச் கேட். பிளாக்குக்கு எண், வீட்டுக்கு எண் என்று எல்லாவற்றுக்கும் எண் உள்ள ஊர் இது. ஆனால் எண்ணை வைத்து யாரும் வழி சொல்வதில்லை. தண்ணி டேங்க், பால் பூத், பார்க், பள்ளிக்கூடத்துச் சுவர் என்றுதான் வரும். அவரும் லேசில் விடமாட்டார். டேங்க்குக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இடது கையா, வலது கையா? வாசலில் என்ன மரம்? மரம்தான் கடைசிக் கேள்வி. அதுவரைக்கும் விழித்திருந்தவர்கள் குறைவு. முக்கால்வாசிப் பேர் பால் பூத்தோடு தூங்கிவிடுவார்கள்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தேன். டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள நடுத்தர ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டாக்டரின் பெயரும் வேண்டாம், தன் பெயர் அச்சில் வந்தால் அவர் இரண்டு நாள் டீ குடிக்கமாட்டார். ஒல்லியான, உயரமான மனிதர். தியேட்டர் செருப்பு அவர் காலுக்கு எப்போதும் ஒரு விரற்கடை பத்தாது. சர்க்கரை போடாத டீயை நன்றாக ஆறவைத்துத்தான் குடிப்பார். அந்தப் பச்சைத்தண்ணியை எப்படித்தான் குடிக்கிறாரோ என்று கேன்டீன் அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

வழி கேட்பது வெறும் பேச்சுத்துணைக்கு மட்டும் இல்லை. மயக்கம் ஏறியதா என்று பார்க்க அதற்குள் அவருக்கு ஒரு அடையாளம் இருந்தது. அது எங்கள் ஊரில் மட்டும்தான் செல்லும்.

இங்கே கம்பெனி வேலையில் இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸ். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து, மரம் வைத்து, பிள்ளை பெற்று, அதற்குக் கல்யாணமும் செய்து பார்த்தவர்கள்கூட, ரிட்டயர் ஆனால் சாவியை ஒப்படைத்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ கட்டி வைத்த சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். டேபிளில் படுத்ததும் அந்தச் சொந்த வீட்டுக்குத்தான் முதலில் வழி சொல்வார்கள். டாக்டர் போடும் முதல் ஊசி சின்னது. நாக்கையும் மனதையும் கொஞ்சம் தளர்த்துவது. அது ஏறியதும் வழி மாறிவிடும். வடக்குத்துக்குப் போக ஆர்ச்சுக்குள் நுழையவே வேண்டாம், மெயின் ரோட்டோடு போனால் போதும். ஆனால் பாதிப் பேச்சில், “ஆர்ச்சுக்குள்ள வாங்க” என்று சொல்லிவிடுவார்கள். காலி செய்து பத்து வருடம் ஆன குவார்ட்டர்ஸுக்கு டாக்டரை அழைத்துக்கொண்டு போவார்கள்.

அப்போது அவர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்.

“பழைய வீட்டுக்குப் போயிட்டாங்க சிஸ்டர். ஆரம்பிக்கலாம்.”

அதற்கப்புறம்தான் பால்போல இருக்கும் அந்த வெள்ளை மருந்தைச் செலுத்துவார். மானிட்டரை நம்பியதற்குக் குறையாமல் இதையும் நம்பினார். சர்ஜன் கேட்டால் சண்டைக்கு வருவார், ஆனாலும் உண்மை அதுதான்.

நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ரிட்டயரான ஒரு பெரியவர் வந்திருந்தார். மகனோடு குறிஞ்சிப்பாடியில் இருந்தார். குறிஞ்சிப்பாடி பஸ் ஏறுவதிலிருந்து தறிச் சத்தம் கேட்கும் தெரு வரைக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சின்ன ஊசி ஏறியதும் ஆர்ச்சுக்குள் திரும்பிவிட்டார்.

“உள்ள நுழைஞ்சி நேரா போய்க்கினே இருங்க. பார்க்காண்ட திரும்பினா நம்ம வூடு. கதவத் தட்டிக்கினு நிக்காதீங்க டாக்டர், நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்கிக்கினு இருப்பேன். பின்பக்கமா வாங்க.”

“சரிங்க, பின்பக்கமாவே வரேன்” என்றார் டாக்டர். கேலி துளியும் இல்லை. உண்மையிலேயே பின்பக்கமாகப் போகப்போகிறவர்போலத்தான் சொன்னார்.

எல்லாரும் வழி சொல்லிவிடுவார்கள் என்றும் இல்லை. குள்ளஞ்சாவடியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டு அம்மா, கேள்வியைக் கேட்டதும் கண்ணை அகலத் திறந்து, “வூட்டுக்கு எதுக்குங்க டாக்டரு? கடைக்கு வாங்க, அவங்க அங்கதான் இருப்பாங்க” என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே. டாக்டரும் ஒத்துக்கொண்டு பேச்சில் கடைக்கே போனார். அந்த அம்மா எந்தத் தட்டில் என்ன துணி என்று சொல்லிக்கொண்டே, மேல் தட்டு ஜாக்கெட் துணி வரும்போது தூங்கிப்போனார்.

ஒரே ஒரு தடவைதான் அவர் என்மேல் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். சுரங்கத்தில் பெரிய பதவியில் இருந்த ஒருவர், மயக்கம் ஏற ஏற, தன் மனைவி இல்லாத ஒரு வீட்டுக்கு வழி சொன்னார். வாசலில் நந்தியாவட்டை என்று மரம்வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் தூங்கினார். அந்த மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மத்தியானம் கேன்டீனில் வாயைத் திறக்கப் போனேன். அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உள்ள சொன்ன வழி உள்ளேயே இருக்கணும் சிஸ்டர். அவங்க என்னை நம்பிக் கூட்டிட்டுப் போறாங்க.”

அதிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது பெயர் ஊர் இல்லாமல் சொல்கிறேன், அவர் மன்னிப்பார்.

அவருக்கென்று வீடு இல்லை. ஆஸ்பத்திரி மேல்மாடியில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றலாகும் உத்தியோகம், ஏழு வயதிலிருந்து இவருக்கு ஹாஸ்டல். சொந்த ஊர் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, எதைச் சொல்லட்டும் என்று நம்மையே கேட்பார். இந்த ஊரில் பாதி வீட்டுக்குப் பாதி வழி தெரிந்த மனிதர், ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. நாங்கள் யார் கூப்பிட்டாலும் வருகிறேன் என்பார், வரமாட்டார். எனக்கு அது ஆதங்கமாகவே இருந்தது.

பழைய வீட்டுக்கு வழி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அது கம்பெனி வீடு, கழற்றிப் போட்ட சட்டை, அதற்கு இவ்வளவு ஒட்டுதலா என்பேன். எரிச்சலுக்குக் காரணம் என் அப்பா.

அப்பா சுரங்கத்தில் ஆபரேட்டர். நான் பிறந்ததே குவார்ட்டர்ஸில்தான். அப்பாவின் சைக்கிளுக்கு ஸ்டாண்டு உடைந்து வெகுகாலம். மாற்றவே மாட்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் சைக்கிளை உள்பக்கமாகக் கேட்டின் மேலேயே சாத்திவைப்பார். யார் வந்து கேட்டைத் தள்ளினாலும் சைக்கிள் விழும். அதனால் கேட் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து யாராவது ஒருவர், “மெல்லத் தொறங்க, சைக்கிள் வுழுந்துடும்” என்று குரல் கொடுப்போம். தபால்காரர், கீரைக்காரம்மா, சொந்தக்காரர், எல்லாருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பு அதுதான்.

அப்பா ரிட்டயர் ஆனார். காலி செய்ய மனம் வரவில்லை. இன்னும் ஒரு மாதம், பலா காய்த்து முடியட்டும் என்று கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் அப்போது வேலைக்கு வந்து, லோன் போட்டு வடக்குத்தில் வீடு கட்டி முடித்திருந்தேன். என் உழைப்பில் எழுந்த வீடு. அதில் வந்து உட்காராமல் கம்பெனி வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஒரு நாள் நானே சாமான் ஏற்ற வண்டியைக் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன். வேகமாகக் கேட்டைத் தள்ளினேன். சைக்கிள் விழுந்தது. அன்றைக்கு உள்ளிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை. அப்பா வந்து சைக்கிளை நிமிர்த்தி, ஹேண்டில்பாரைத் துடைத்து, வண்டியில் ஏற்றினார். வடக்குத்து வீட்டில் அம்மாவோடும் என்னோடும் பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

நான் செய்தது சரி என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான காரியத்தை அத்தனை முறை சொல்ல வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கொரோனா வந்தது. அவசர ஆபரேஷன் மட்டும் செய்யுங்கள், மற்றதைத் தள்ளிவையுங்கள் என்று உத்தரவு வந்தது. காத்திருப்பவர்களின் ரிஜிஸ்டர் என் பொறுப்பு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ‘அவசரமில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். பதினான்காவது பெயர் என்னுடையது. பித்தப்பையில் கல். என் பெயருக்கு எதிரிலும் அவசரமில்லை என்று எழுதிவிட்டு, கேன்டீனில் ஒரு வடை சாப்பிட்டேன். அரைமணி நேரத்தில் வலி விலாவில் கிளம்பித் தோள்பட்டைக்கு ஏற, துணி அடுக்கும் லினன் அறையில் சுருண்டு கிடந்தேன். டாக்டர் வந்து ஊசி போட்டார். ரிஜிஸ்டரில் நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

கடைசிப் பெயர் டாக்டருடையது. அவருக்குக் குடலிறக்கம். புதிதாக ஒரு பெயர் சேர்ந்தால், தன் பெயரை அடித்துவிட்டு அதற்குக் கீழே எழுதச் சொல்வார். ஏன் சார் என்றால், எனக்கு யார் மயக்கம் கொடுப்பது, நானே கொடுத்துக்கொண்டு நானே வழி கேட்க முடியுமா என்பார்.

தியேட்டரைப் பூட்டினோம். அவரை கொரோனா வார்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மூச்சு விட முடியாதவர்களுக்குத் தொண்டையில் குழாய் இறக்குவது மயக்க டாக்டரின் வேலை. தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உடுப்பில் போவார். வந்தபின் வெகுநேரம் கை கழுவிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் குழாயடியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அங்க யார்கிட்டயும் வழி கேக்க முடியல சிஸ்டர். பேச மூச்சில்ல அவங்களுக்கு. கேக்காமலே அனுப்பிட்டிருக்கேன்.”

அவர்களில் பலர் திரும்பவில்லை. நான் சோப்பை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

மறுநாள் அவர் என் ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலமானால் மேல்மாடியில் உட்கார்ந்து, வரிசையாக ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். வலி எப்படி, மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்பார். கடைசியில், உங்கள் தெருவுக்கு இப்போது எப்படி வருவது என்பார். பாதித் தெருக்களைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வடக்குத்திலிருந்து ஒரு பெண், கழுத்தில் கட்டி, “இந்தப் பக்கம் அடச்சிட்டாங்க சார், கொளத்தச் சுத்திக்கினுதான் வரணும்” என்றார். இவர் அதையும் குறித்துக்கொண்டார், நாளைக்கே கிளம்பிப் போகிறவர்போல.

என் வலி கூடிக்கொண்டே போனது. கஞ்சியும் ரசமுமாகக் காலம் ஓட்டினேன். கல் நகர்ந்து பித்தக் குழாயை அடைத்தால் அவசரம், அதுவரை அவசரமில்லை. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது, என் விலாவுக்குப் புரியவில்லை.

தள்ளிவைத்த ஆபரேஷன்களைத் திரும்பத் தொடங்கலாம் என்று அனுமதி வந்தபோது எங்கள் சர்ஜன் தயங்கினார். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமே, அவசரமில்லாத கேஸ்கள்தானே என்றார். தயக்கத்திலும் நியாயம் இருந்தது. குழாய் இறக்கும் நேரத்தில்தான் கிருமி அதிகம் பரவும். அந்த நேரத்தில் நோயாளியின் வாய்க்கு மிக அருகில் இருப்பது மயக்க டாக்டர். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. அவர்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“அவசரமில்லைன்னு நாமதான் எழுதினோம்” என்றார் அவர். “அவங்க யாரும் சொல்லல.”

அதோடு பேச்சு முடிந்தது. தொடங்கினோம். எல்லாருக்கும் முன்கூட்டியே மூக்கில் பரிசோதனை. ஒரு நாளைக்கு இரண்டே கேஸ். மயக்கம் கொடுக்கும்போது உள்ளே இரண்டு பேர்தான் இருக்கலாம், அவரும் ஒரு உதவியாளும். குழாய் இறக்கி முடித்தபின்தான் மற்றவர்கள் உள்ளே வரவேண்டும்.

முதல் கேஸ் அந்தக் கழுத்துக் கட்டிப் பெண். உதவிக்கு நான். அந்தப் பெண்ணின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், இவர் முகத்தில் இரண்டு மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. ஒருவர் கேட்பதும் மற்றவர் சொல்வதும் காதில் விழவில்லை. அவர் குனிந்து காதை அந்தப் பெண்ணின் வாயருகே கொண்டுபோனார். முடிந்து வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். காதைக் கொண்டுபோய் வாயில் வைக்கிறீர்களே, அறிவிருக்கிறதா சார் என்றே கேட்டுவிட்டேன்.

“முகத்தை மூடியாச்சு, கையையும் மூடியாச்சு” என்றார். “வழியும் கேக்கலைன்னா, கடைசியா யாரைப் பாத்தோம்னு நினைச்சுட்டு அவங்க தூங்குவாங்க?”

அடுத்த கேஸுக்கு அவருடைய ஸ்டூலை நானே தலைமாட்டுக்கு இன்னும் நெருக்கிப் போட்டேன்.

என் முறை வந்தது. முந்தின நாள் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது அவரிடம் சவால் விட்டேன். நான் மற்றவர்களைப்போல இல்லை, எந்த ஊசி ஏறினாலும் என் வடக்குத்து வீட்டுக்குத்தான் வழி சொல்வேன் என்றேன். என்ன பந்தயம் என்றார். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று என்றேன். சரி என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் எனக்கு அது விளையாட்டாக இல்லை. நான் வடக்குத்துக்கு வழி சொல்லிவிட்டால், அப்பாவை அவசரப்படுத்தி இழுத்துக்கொண்டு வந்தது சரி. ஆர்ச்சுக்குள் நுழைந்துவிட்டால், அப்பாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை யாரிடம் போய்க் கேட்பேன்?

டேபிளில் படுத்தேன். எத்தனையோ பேரைப் படுக்கவைத்த டேபிள், முதுகுக்கு அவ்வளவு குளிராக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே அவரும் டெக்னீஷியனும்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் கண் மட்டும் தெரிந்தது.

“ஆர்ச் கேட்ல இறங்கிட்டேன் சிஸ்டர்.”

“ஆர்ச்சுக்குள்ள நுழையாதீங்க சார்” என்றேன் கெட்டியாக. “மெயின் ரோட்லயே வாங்க.”

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

விழித்ததும், வயிற்றில் வலி தெரிவதற்கு முன்பே கேட்டேன், பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று. அவர் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல வழியாத்தான் சொன்னீங்க சிஸ்டர்.”

அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. டெக்னீஷியனைக் கேட்டேன். தலையை மூடிய உடுப்பில் எனக்கு என் மூச்சுதான் கேட்டது அக்கா என்று கையை விரித்துவிட்டான். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட ஒரே காது டாக்டருடையது. அவர் வாயைத் திறக்கவைக்க என்னால் ஆகவில்லை. உள்ளே சொன்ன வழி உள்ளேயே இருக்கணும் என்பது என் விஷயத்திலும் மாறவில்லை. பெருமையாகவும் இருந்தது, அவர் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது.

இரண்டாம் அலையில் மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தினோம். மறுபடியும் ரிஜிஸ்டர், மறுபடியும் அவசரமில்லை. அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. திரும்பத் தொடங்கியபோது டாக்டருடைய குடலிறக்கம் நடக்கவே விடாத அளவுக்குப் போயிருந்தது. இந்தத் தடவை நான் அவரைக் கேட்கவில்லை. கடைசியில் இருந்த பெயரை நானே முதல் பக்கத்தில் எழுதினேன். கடலூரிலிருந்து ஒரு லேடி டாக்டர் மயக்கம் கொடுக்க வந்தார். எங்கள் டாக்டருக்கு முதுகில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்ததால், அங்கே ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய முடியாது, முழு மயக்கம்தான் என்று முடிவு செய்தார்கள். உள்ளே இரண்டு பேர்தான் இருக்கலாம் என்ற விதி அப்போதும் இருந்தது. அந்த லேடி டாக்டரும் நானும் இருந்தோம்.

அந்த அம்மா எண்ணச் சொல்லப் போனார். ஒரு நிமிஷம் டாக்டர் என்று நான் குனிந்தேன். அவருக்கு என்ன வழி இருக்கப்போகிறது, மேல்மாடிக்கு எப்படி ஏறுவது என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன்.

“சார், ஆர்ச் கேட்ல இறங்கிட்டேன். உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?”

மாஸ்க்குக்குள் சிரித்தார் என்று கண்ணில் தெரிந்தது. லிஃப்ட்டுல ஏறாதீங்க, நடுவுல நின்னுடும், படியிலயே வாங்க என்று ஆரம்பித்தார். சின்ன ஊசி ஏறியது. பிறகு வேறு குரலில் தொடங்கினார். என் காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

“ஆர்ச்சுக்குள்ள நுழையாதீங்க... இல்ல, இல்ல, நுழைஞ்சிடுங்க. டேங்க் தாண்டினா பால் பூத். பூத்துக்கு எதுத்தாப்புல திரும்புங்க. வாசல்ல பலா மரம்... மெல்லத் தொறங்க. கேட்ல அப்பா சைக்கிள் இருக்கு, வுழுந்துடும்.”

வுழுந்துடும் என்றார். ஹாஸ்டல் ஹாஸ்டலாக வளர்ந்த மனிதர், விழுந்துடும் என்றுதான் பேசுவார். அது என் வீட்டுச் சொல்.

லேடி டாக்டர் வெள்ளை மருந்தைச் செலுத்தினார். நான் எங்கள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணாடித் தடுப்புக்குள் ஈரம் படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைக்கக் கை போகாது, உள்ளே கை வைக்கக்கூடாது. மயக்கத்தில் நான் சொன்ன அந்த வழியை ஒரு வருடமாக அவர் வைத்திருந்தார். தனக்கென்று பழைய வீடு இல்லாதவர், போக ஒரு இடம் வேண்டியிருந்தபோது எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் தோற்றுத்தான் போயிருந்தேன். அப்பா கட்டிக்கொண்டு அழுத வீட்டையேதான் நானும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா, என்று வாய்க்குள் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல மாஸ்க்குக்குள் மூச்சு போதவில்லை.

விழித்ததும் என்னைப் பார்த்தார்.

“ஏதாவது சொன்னேனா சிஸ்டர்?”

“நல்ல வழியாத்தான் சொன்னீங்க சார்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. துருவிக் கேட்கிற ஆள் இல்லை அவர்.

பலா சீசன் முடிகிற நேரம் அது. அடுத்த வாரம் பண்ருட்டியிலிருந்து வந்த லோடில் ஒரு நல்ல பழமாகப் பார்த்து, ஆட்டோவில் வைத்து, மேல்மாடிக்கு வார்டு ஆளை விட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆள் இறங்கிப் போகக் காத்திருந்தார்.

“கேட்டை மெதுவாத்தான் தொறந்தேன் சிஸ்டர்” என்றார்.

“தெரியும் சார்” என்றேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுக்க உட்கார்ந்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டே சுளை சாப்பிட்டார்.

அந்த வருடக் கடைசியில் டாக்டரின் தம்பி வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். தூரத்து ஊர், அடுக்குமாடி. டிரங்குப் பெட்டி ஆட்டோவில் ஏறும்போது, வருகிறேன் என்றார். வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். இப்போது இருக்கும் மயக்க டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர். எண்ணச் சொல்கிறார். நோயாளிகளும் சொன்னபடி எண்ணிக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒன்றும் தெரிவதில்லை. தலைமாட்டில் காலியாகக் கிடக்கும் ஸ்டூலை நான்தான் துடைத்து வைக்கிறேன்.

போன வருடம் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வரிசையைப் பழுதாகிவிட்டது என்று இடித்துவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து ஆர்ச்சுக்குள் நுழைந்து போய்ப் பார்த்தேன். பால் பூத் இருக்கிறது. அதற்கு எதிரே வெறும் மண், நடுவில் பலா மரம் மட்டும்.

அந்த வாரமே அவர் போன் செய்தார். குரல் மெலிந்திருந்தது. என் அம்மா எப்படி இருக்கிறார், சர்ஜன் இன்னும் சண்டை போடுகிறாரா என்றெல்லாம் கேட்டார். பிறகு, அந்தப் பலா மரத்து வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

யாரோ கம்பெனியில் புதிதாகப் பெர்மனென்ட் ஆனவர், இரண்டு குழந்தைகள் என்றேன்.

“சைக்கிள் வெச்சிருக்காங்களா?”

“இருக்கு சார்” என்றேன். “கேட்லதான் சாத்தியிருக்காங்க.”